உங்கள் வீட்டுக்கு எதிரேயுள்ள மதில்



டிசம்பர் 31 இரவு ஆராதனையில் முழங்காற்படியிட்ட வேளையில், நம்மில் அநேகர் கர்த்தரிடம் ஏதேனும் ஒரு தீர்மானத்தைச் சொல்லியிருப்போம். இந்த ஆண்டு வேதாகமத்தை முழுவதும் வாசித்து முடிப்பேன். அதிகாலையில் எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பேன். கோபத்தை அறவே விட்டுவிடுவேன். கடன்கள் யாவையும் அடைத்துவிடுவேன். இவை எல்லாம் நல்லவையே. ஆயினும் இவ்வாரம் உங்களிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் தீர்மானம் உங்கள் பெலத்துக்கு மிஞ்சியதாக இருக்குமானால், அதைச் சிறிதாக்குங்கள். அப்படிச் செய்வது விசுவாசக் குறைவு அன்று.

இதை ஏன் வற்புறுத்துகிறேன்? நிறைவேறாத தீர்மானம் வெறுமனே மறைந்துபோவதில்லை. அது மனச்சாட்சியில் பாரமாகத் தங்கிவிடுகிறது. பிப்ரவரியில் வேதவாசிப்பு நின்றுபோன ஒருவர், மார்ச்சில் ஜெபத்தையும் நிறுத்திவிடுகிறார். கொடுத்த வாக்கைக் காக்க முடியாத நான் எந்த முகத்தோடு அவருடைய சந்நிதியில் நிற்பேன் என்று எண்ணி, திருவிருந்துக்கு வரவும் தயங்குகிறார். கர்த்தரிடம் நெருங்குவதற்காகச் செய்த தீர்மானமே அவரை விட்டு விலகுவதற்கு ஏதுவாகிவிடுகிறது. பொருத்தனைகளை அவசரமாகச் செய்யலாகாது என்று பிரசங்கியின் புத்தகம் 5ஆம் அதிகாரம் எச்சரிப்பது இதனாலேயே.

வேதவாசிப்பையே எடுத்துக்கொள்வோம். நம் வேதாகமத்தின் 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள் உள்ளன. ஓராண்டில் முடிக்க வேண்டுமானால், நாள்தோறும் மூன்று அல்லது நான்கு அதிகாரங்களைத் தவறாமல் வாசிக்கவேண்டும். ஆதியாகமமும் யாத்திராகமமும் சேர்ந்து 90 அதிகாரங்கள். ஆகவே ஜனவரி முடியும் தறுவாயில், விடுமுறையின் ஓய்வு தீர்ந்து வேலையும் பள்ளியும் மும்முரமாகும் காலத்தில், பலிகளின் முறைமைகளை விவரிக்கும் லேவியராகமத்துக்கு வந்து சேருகிறோம். அநேகருடைய வாசிப்பு அங்கே நின்றுபோவதில் வியப்பில்லை.

இதுவரை ஒழுங்காக வாசித்துப் பழகாத ஒருவருக்கு நான் வேறொரு வழியைக் காட்டுவேன். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள் உள்ளன. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வாசித்தால், 52 வாரங்களில் புதிய ஏற்பாடு முழுவதும் முடிந்துவிடும். மற்ற இரண்டு நாட்கள், காய்ச்சலிலும் பயணத்திலும் விட்டுப்போனதை ஈடுசெய்வதற்கு உதவும். இது சிறிய தீர்மானமே. ஆனால் டிசம்பரில் நிறைவேறியிருக்கும் தீர்மானம்.

நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்று கேட்டவுடன் அவர் அழுது, உபவாசித்து, மாதக்கணக்கில் ஜெபித்தார். ஆனால் ஜெபத்தோடு நின்றுவிடவில்லை. திரும்பிவருவதற்கான காலத்தை ராஜாவிடம் குறித்துச் சொன்னார்; மரங்களைப் பெறுவதற்குக் கடிதம் கேட்டு வாங்கினார். எருசலேமுக்கு வந்தபின் ஒருவருக்கும் அறிவியாமல் இரவிலே சென்று இடிபாடுகளைத் தம் கண்ணால் பார்த்தார். எவ்வளவு இடிந்திருக்கிறது என்று அறியாமல் கட்டத் தொடங்குகிறவர் பாதியில் நிறுத்துவார். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று நம் ஆண்டவரும் போதித்தாரல்லவா?

அதன்பின் வேலை பங்கிடப்பட்டது. நெகேமியாவின் புத்தகம் 3ஆம் அதிகாரத்தை வெறும் பெயர்ப்பட்டியல் என்று எண்ணித் தாண்டிவிடாதீர்கள். தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரேயிருந்த பகுதியைக் கட்டினவர்கள் பலர் அங்கே குறிக்கப்பட்டிருக்கிறார்கள். எருசலேம் முழுவதையும் கட்டும் சுமை எவர்மேலும் தனியே வைக்கப்படவில்லை. அலங்கம் 52 நாட்களில் கட்டி முடிந்தது. இந்த ஆண்டு உங்கள் வீட்டுக்கு எதிரே இடிந்து கிடக்கும் பகுதி எது? அதிலிருந்து தொடங்குங்கள்.

நம் கையில் தமிழ் வேதாகமம் வந்த வரலாறும் இதையே காட்டுகிறது. சீகன்பால்கு ஐயர் 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்குத் தமிழ் தெரியாது. சிறுபிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை முன்பு கற்ற சொற்களைத் திரும்பப் படிப்பது, அதன்பின் நண்பகல் வரை புதிய தமிழ் நூல்களை வாசிப்பது என்று நாளைப் பகுத்துக்கொண்டார். 1708இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711இல் முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரியவையாயிருந்தன, காகிதமோ அரிதாயிருந்தது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு அச்சிட்டு முடிந்தது. காகிதம் போதவில்லை என்று அவர்கள் வேலையைக் கைவிடவில்லை. இருக்கும் காகிதத்துக்குத் தக்கபடி எழுத்தைச் சிறிதாக்கினார்கள்.

பழைய ஏற்பாட்டை அவர் ரூத்தின் புத்தகம் வரை மொழிபெயர்த்திருந்த நிலையில், 1719இல், தமது 36ஆம் வயதில் மரித்தார். எஞ்சியதைப் பின்வந்த சூல்ச் ஐயர் முடித்தார். தம் பங்கை உண்மையாய்ச் செய்தவருடைய உழைப்பு, அவரோடு முடிந்துபோகவில்லை.

தேவனால் எல்லாம் கூடுமே, சிறியதைக் கேட்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாதா என்று சிலர் வினவலாம். தேவனால் எல்லாம் கூடும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அவர் செய்வது வேறு, நாம் செய்வதாகச் சொல்வது வேறு. மகனுக்கு வேலை கிடைக்கவேண்டும், நோய் நீங்கவேண்டும் என்பவை ஜெப விண்ணப்பங்கள். அவற்றை எவ்வளவு பெரிதாகவும் கேளுங்கள். தீர்மானம் என்பதோ உங்கள் கையிலும் காலிலும் நிறைவேற வேண்டியது. இவ்விரண்டையும் கலந்துவிடுவதால்தான், தேவன் குறித்த காலம் தாமதிக்கும்போது நாம் தோற்றுவிட்டதாகக் கலங்குகிறோம். மேலும், எல்லாம் வல்லவரான அவரே கானானின் ஜாதிகளை ஒரே ஆண்டில் துரத்தாமல், இஸ்ரவேலர் பெருகும் அளவுக்குத் தக்கபடி சிறிது சிறிதாகத் துரத்துவதாகச் சொன்னார். தேசம் பாழாகி, காட்டுமிருகங்கள் பெருகிவிடாதபடிக்கு அப்படிச் செய்தார். சிறிது சிறிதாய் நடத்துவது அவருடைய ஞானம்.

ஆகவே உங்கள் தீர்மானங்களை ஒருமுறை திருத்தி எழுதுங்கள். கோபமே படமாட்டேன் என்பதை விட்டு, கோபத்தில் எவரிடமாவது கடுமையாய்ப் பேசினால் அன்று படுக்கைக்குச் செல்லுமுன் அவரோடு ஒப்புரவாவேன் என்று எழுதுங்கள். எல்லாக் கடனையும் அடைப்பேன் என்பதை விட்டு, புதிய கடன் வாங்காமல் இருக்கும் கடன்களில் மிகச் சிறியதை ஈஸ்டருக்குள் தீர்ப்பேன் என்று எழுதுங்கள். ஒரு மணி நேர ஜெபத்துக்குப் பதிலாக, கைப்பேசியைத் தொடுமுன் பத்து நிமிடம் என்று தொடங்குங்கள். பத்து நிமிடம் வழக்கமாகிவிட்டால், அது தானாக வளரும். பலவற்றையும் ஒருங்கே எடுக்காதீர்கள்; ஒன்று அல்லது இரண்டு போதும். வீட்டில் ஒருவரிடமோ ஜெபக்குழுவில் ஒருவரிடமோ அதைச் சொல்லி வையுங்கள்.

ஒரு நாள் தவறினால் என்ன செய்வது? மன்னிப்புக் கேட்டு மறுநாள் தொடருங்கள். வனாந்தரத்தில் மன்னா நாளுக்கு நாள் பொழிந்தது. ஓய்வுநாளைத் தவிர, நேற்றையதை வைத்து இன்று எவரும் பிழைக்கவில்லை. கிருபையும் அப்படியே. ஜனவரி முதல் தேதியில் மட்டும் கர்த்தருடைய வாசல் திறந்திருப்பதில்லை. இதை வாசிக்கும் உங்களில் எவருடைய தீர்மானமாவது ஏற்கெனவே முறிந்திருந்தால், அடுத்த ஆண்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையில் தொடங்குங்கள். வரும் ஞாயிறு திருவிருந்துக்கும் தயங்காமல் வாருங்கள்.

நம் கைகளின் சிறு வேலையையும் கர்த்தர் உறுதிப்படுத்தி, இந்த ஆண்டின் முடிவில் நன்றியோடு அவர் சந்நிதியில் நிற்க உங்களுக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.