மூக்குத் தெளிவு, கண் மங்கல்



வீட்டுக்குக் கமரா வந்ததும் முதலில் பிள்ளைகளைப் படம் எடுக்கிறோம். அடுத்தது வீட்டு நாயும் பூனையும்தான். பிள்ளைகளிடம் "கொஞ்சம் அசையாமல் இரு" என்று சொல்லலாம். நாயிடம் சொல்லிப் பயனில்லை. அதோடு, எங்கள் தொடர்மாடி வீடுகளில் பகலிலும் வெளிச்சம் குறைவு. அதனால்தான் செல்லப் பிராணிகளின் படங்கள் அதிகமாக மங்கிப் போகின்றன. இம்மாதம் அதற்கான வழியையும், அதைப் படிக்க நான் பட்ட பாட்டையும் எழுதுகிறேன்.

கொள்ளுப்பிட்டியில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில், மேல் வீட்டு அன்ரி ஒரு நாட்டு நாயுடன் தனியாக வசிக்கிறார். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். நாய்க்குப் பதின்மூன்று வயது கடந்திருந்தது. ஒருநாள் மாடிப்படியில் என்னை மறித்து, "பிள்ளை, இவனுக்கு இனி எத்தனை நாளோ தெரியாது. ஒரு நல்ல படம் எடுத்துத் தருவீரோ?" என்று கேட்டார்.

அப்போதுதான் நான் சீட்டுக்காசில் பாவித்த கமரா ஒன்றும், 50 மி.மீ. லென்ஸ் ஒன்றும் வாங்கியிருந்தேன். இந்த லென்ஸில் தூரத்தைக் கிட்டவாக்கும் 'சூம்' வசதி கிடையாது. கிட்டப் போக வேண்டுமானால் நாம்தான் நடக்க வேண்டும். ஆனால் இதன் துவாரம் எஃப் 1.8 வரை திறக்கும். கமராவுடன் வரும் சாதாரண சூம் லென்ஸ் இதே அளவில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். இந்த இலக்கம் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும் என்பதை நினைவில் வையுங்கள். எஃப் 1.8இல் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 1/25 செக்கனில் எடுக்க வேண்டிய படத்தை 1/250 செக்கனில் எடுத்துவிடலாம். உட்கார்ந்திருக்கும் நாய்க்கு அது போதும். ஓடும் நாய்க்கு 1/1000 வேண்டும். கண்ணைக் கூசச் செய்யும் பிளாஷும் தேவையில்லை. பிளாஷ் போட்டால் பிராணி மிரளும், கண்களும் பச்சையாக ஒளிரும்.

இத்தனை நன்மைக்கு ஒரு விலை உண்டு. துவாரம் பெரிதானால் படத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துவிடும். சிறிய சென்சர் உள்ள கமராவில், 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து 1 மீற்றர் தூரத்தில் எடுத்தால், அந்த ஆழம் ஏறக்குறைய 2.7 சென்ரிமீற்றர்தான். நாயின் மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இடையில் அதைவிட அதிக தூரம் இருக்கிறது. 2 மீற்றர் தள்ளி நின்றால் ஆழம் 11 சென்ரிமீற்றராகும். எஃப் 2.8க்கு மாற்றினால் 17 ஆகும். ஆகவே முகப் படத்துக்கு முட்டிக்கொண்டு நிற்காதீர்கள். இரண்டு எட்டுப் பின்னால் வைத்து, உங்களுக்குக் கிட்டவுள்ள கண்ணில் குவியத்தை வையுங்கள்.

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் அன்ரி வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் நாயை இருத்தி, நானும் தரையில் அதன் கண் மட்டத்துக்குப் படுத்து, முப்பது படங்கள் எடுத்தேன். கணினியில் போட்டுப் பார்த்தால் எல்லாவற்றிலும் மூக்கு மயிர்மயிராகத் தெளிவு. கண்ணோ மங்கல். லென்ஸ் வாங்கிய கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். "உங்களுக்குக் கை நடுங்குது மிஸ். லேடீஸுக்கு இது பாரம்" என்றார் அங்கிருந்தவர். நானும் நம்பிக்கொண்டு வந்துவிட்டேன். லென்ஸை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

இரவில் படங்களை மறுபடி பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. கை நடுங்கினால் படம் முழுவதும் அல்லவா கலங்க வேண்டும்? மூக்கு மட்டும் எப்படித் தெளிவாக இருக்கும்? படத்தில் ஏதாவது ஓரிடம் கூர்மையாக இருந்தால் பிழை கையில் இல்லை, குவியத்தில்தான். நாய் தலையை அசைத்திருக்கலாம் என்றாலும், முப்பது படத்திலும் பின்னுக்கே அசைத்திருக்குமா?

கண்ணாடி உள்ள பழைய வகைக் கமராக்களில் தானாகக் குவியம் பார்ப்பதற்குத் தனியான உணரி இருக்கும். படம் பதிவதோ இன்னொரு சென்சரில். இந்த இரண்டும், பூட்டும் லென்ஸும் மயிரிழை பிசகினாலும் குவியம் கண்ணுக்கு முன்னாலோ பின்னாலோ விழும். எஃப் 5.6இல் இது தெரியாது, எஃப் 1.8இல் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடி இல்லாத புதுவகைக் கமராக்கள் படம் பதியும் சென்சரிலேயே குவியம் பார்ப்பதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை அரிது.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். மேசையில் எழுத்துகள் உள்ள தேயிலைப் பெட்டி ஒன்றைக் கமராவுக்கு நேர்முகமாக நிறுத்துங்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டத்தைச் சரிவாகச் சாய்த்து, அதன் நடுக்கோடு பெட்டியின் முகத்துக்குச் சரியான நேரில் வரும்படி வையுங்கள். நீங்கள் வழக்கமாகப் படம் எடுக்கும் தூரத்தில், நல்ல வெளிச்சத்தில், கமராவை முக்காலியில் பூட்டுங்கள். துவாரத்தை முழுதாகத் திறந்து, நடுப் புள்ளியால் பெட்டியில் குவியம் வைத்து, கை படாமல் டைமரில் எடுங்கள். ஒவ்வொரு தடவையும் குவியத்தைக் கலைத்துவிட்டுப் புதிதாக வைத்து, ஐந்தாறு படம் எடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

அடிமட்டத்தில் நடுக்கோடு தெளிவாக இருந்தால் குறையில்லை. என்னுடையதில் கமராப் பக்கமாக உள்ள கோடுகள்தான் தெளிவு. குவியம் முன்னால் விழுகிறது என்பது அதன் பொருள். நடுத்தர, உயர்தரக் கமராக்கள் பலவற்றின் மெனுவில் இதைத் திருத்தும் இடம் உண்டு. கெனனில் 'ஏ.எஃப். மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்', நிக்கனில் 'ஏ.எஃப். ஃபைன் டியூன்' என்று இருக்கும். கூட்டல் பக்கம் போனால் குவியம் பின்னே தள்ளும், கழித்தல் பக்கம் போனால் முன்னே வரும். எனக்கு +8இல் சரிவந்தது. மலிவான கமராக்களில் இந்த வசதி இராது. அவர்கள் பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்கும் 'லைவ் வியூ' முறையைப் பாவிக்கலாம். அப்போது பெரும்பாலும் சென்சரே குவியம் பார்க்கும்.

குவியத்தோடு போராடிய பெண் ஒருவர் நமக்கு முன்பே இந்த நாட்டில் வாழ்ந்திருக்கிறார். ஜூலியா மார்கரெட் கமரூன் கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். 48 வயதில், 1863இல், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவோடுதான் தொழிலைத் தொடங்கினார். அக்கால லென்ஸ்கள் பலவற்றில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் இடம் ஒன்று, கண்ணாடித் தகட்டில் தெளிவாகப் பதியும் இடம் இன்னொன்று. அவருடைய படங்கள் மங்கல் என்று அன்றைய விமர்சகர்கள் குறை சொன்னார்கள். இன்று அவை உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1875இல் இலங்கைக்கு வந்து, தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். 1877இல் அவருடைய களுத்துறை வீட்டுக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த், முயலும் அணிலும் மைனாவும் அங்கே பயமின்றி உள்ளும் புறமும் திரிந்ததை எழுதி வைத்திருக்கிறார். கமரூன் 1879இல் இங்கேயே காலமானார். கல்லறை பொகவந்தலாவையில் உள்ளது.

இன்னும் சில குறிப்புகள்: கறுப்பு நாயைக் கமரா சாம்பல் நிறமாக்கிவிடும், வெளிச்ச அளவைக் கொஞ்சம் கழித்தலில் வையுங்கள். வெள்ளைப் பூனைக்குக் கூட்டலில். விருப்பமில்லாத பிராணியைப் பிடித்து இருத்தாதீர்கள். கடற்கரைக் காற்றின் ஈரத்தால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள்.

திருத்திய மறுநாளே அன்ரி வீட்டுக்குப் போனேன். நாய் எழும்ப மனமில்லாமல் பாயில் படுத்திருந்தது. அன்ரி பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. அந்தப் பார்வையில் ஒரு படம். வயதால் பால்போல மங்கியிருந்த கண்ணுக்குள் ஜன்னலும், பக்கத்தில் நின்ற அன்ரியின் நிழலும் தெரிந்தன.

மூன்றாம் கிழமை நாய் போய்விட்டது. படம் அன்ரியின் மேசையில் இருக்கிறது. கடைக்காரரின் பேச்சை நம்பி லென்ஸை விற்றிருந்தால் அந்த ஒரு படமும் இருந்திராது. ஆகவே சகோதரிகளே, உங்கள் கையைக் குறை சொல்லுமுன் ஓர் அடிமட்டத்தை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். வீட்டில் வயதான பிராணி இருந்தால் அதை இந்த வார இறுதியிலேயே செய்யுங்கள்.