ஆறாம் வகுப்புக்கும் பசிக்கும்



கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் எங்கள் ஊருக்கும் வந்தபின், முதல் பாடவேளையிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருளும் பிள்ளைகளைக் கீழ்வகுப்புகளில் நான் பார்ப்பதில்லை. ஆனால், திட்டம் 5-ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது.

புதன்கிழமை காலை உணவு பொங்கல். தம்பியைக் கைப்பிடித்து அழைத்து வரும் ஆறாம் வகுப்பு மாணவி, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை சமையலறை வாசலிலேயே நிற்கிறாள். போன வருஷம் அவளும் அந்த வரிசையில் தட்டோடு உட்கார்ந்தவள்தான். அம்மா விடியுமுன் களையெடுக்கப் போய்விடுகிறார். வீட்டில் பழைய சோறு இருந்தால் உண்டு, இல்லையென்றால் வெறும் டீ.

மதியச் சத்துணவு 10-ஆம் வகுப்புவரை கிடைக்கிறது. காலை உணவையும் முதலில் நடுநிலைப் பள்ளிகளிலாவது 8-ஆம் வகுப்புவரை அரசு நீட்ட வேண்டும். அடுப்பும் பாத்திரமும் அங்கேயே இருக்கின்றன.

- ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்