தூக்கிப் போக ஆள் இருந்தால் போதுமா?

“நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம், தூக்கிக்கொண்டு போய் உட்கார வைக்க மாட்டோமா? இதற்காகப் போய் பாத்ரூமை இடிப்பார்களா?” பக்கவாதம் வந்தவரோ, விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவரோ உள்ள வீடுகளில் தவறாமல் கேட்கிற பேச்சு இது. பாசத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்த நம்பிக்கை தவறு. அந்த மனிதருக்குக் கேடு செய்வதும்கூட.

இத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள்? மகன் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு வீட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் மருமகள். தூக்கித் தூக்கி அவர் இடுப்பும் போகிறது. தூக்கப்படுகிறவரோ, அடிக்கடி கூப்பிடக் கூசித் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார். சாயங்காலக் காப்பியை வேண்டாம் என்கிறார். முதுகுத்தண்டில் அடிபட்டவர் தண்ணீரைக் குறைத்துச் சிறுநீரை அடக்கினால் தொற்று வரும், சிறுநீரகமே பழுதாகலாம். வயது வந்த பெண்ணை அண்ணன் தூக்கிப் போக வேண்டியிருந்தால் அவள் மனம் என்ன பாடுபடும் என்று யாராவது கேட்கிறோமா?

“அதுதான் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்துவிட்டோமே” என்பது அடுத்த சமாதானம். அதுவரை போய்ச் சேர வேண்டாமா? நம் வீட்டு பாத்ரூம் கதவு பெரும்பாலும் இரண்டரை அடி. நிலையும் கதவின் தடிமனும் போக மிஞ்சும் வழியில், 25, 26 அங்குல அகலமுள்ள சக்கர நாற்காலி நுழைந்தாலும் சக்கரத்தைத் தள்ளும் விரல்கள் நிலையில் உரசித் தோல் உரியும். வாசலில் நாலு அங்குலப் படி இருந்தால் அதுவும் இல்லை. உள்ளே எழுந்து நிற்கப் பிடிப்பதற்குத் துண்டு போடும் கம்பிதான். ஆள் பாரத்துக்கு அது பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வரும். கதவு உட்பக்கம் திறப்பதாக இருந்தால், விழுந்து கிடப்பவரின் உடம்பே கதவுக்கு முட்டுக்கொடுத்துவிடும். காப்பாற்ற ஓடி வந்தவர் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வேலூர் சிஎம்சி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த விபத்தில் நடக்கும் திறனை இழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மறுவாழ்வு மருத்துவம் படித்து அந்தத் துறையை அங்கே வளர்த்தார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கமோடுக்கும் தானே மாறிக்கொள்வது அந்த மருத்துவத்தின் அடிப்படைப் பாடம். மாதக்கணக்கில் அதைப் பழகி வீடு திரும்புகிறவரை மறுபடியும் தூக்கிச் சுமக்கும் பண்டமாக்குவது நம் பாத்ரூம்தான்.

மாற்ற வேண்டியது மலையளவு இல்லை. கதவு மூன்று அடியாகி வெளிப்பக்கம் திறக்கட்டும். படியைத் தட்டிச் சரிவு போடச் சொல்லுங்கள். கமோடின் உயரம் நாற்காலி இருக்கையின் உயரத்துக்கு வரட்டும். பக்கத்துச் செங்கல் சுவரில் ஆழமாகப் பதித்த எவர்சில்வர் கைப்பிடி, வழுக்காத டைல்ஸ், உட்கார்ந்தபடி கைக்கு எட்டும் குழாய்: தேர்ந்த கொத்தனாரும் பிளம்பரும் சில நாளில் முடிக்கிற வேலை. வாடகை வீடானால் உரிமையாளர் மறுக்கக் கூடாது. முதுமை அவர் வீட்டுக்கும் வரும்.

கௌரவத்தோடு வாழ்வது மாற்றுத்திறனாளியின் உரிமை என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கதவைத் தாழிட்டுக்கொண்டு தன் வேலையைத் தானே முடிப்பதைவிட அடிப்படையான கௌரவம் வேறில்லை. உங்கள் பாசம் உண்மையானால், நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அளவெடுக்கும்போது அந்த பாத்ரூமைப் பயன்படுத்தப்போகிறவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவரைக் கேட்டுச் செய்யுங்கள்.