நீராடல் செல்வர்க்கு மட்டுமா?

நீர் விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவருள் பலர் முகஞ்சுளிக்கின்றனர். படிக்கின்ற பிள்ளைக்கு அது எதற்கு என்பார் ஒருவர். சளி பிடிக்கும் என்பார் மற்றொருவர். காசுள்ளவர் பிள்ளைகள் போகட்டும், நமக்கேன் அந்த ஆசை என்று ஒதுங்குவார் வேறொருவர். இம்மூவர் கூற்றும் பிழையானவை. வெப்பம் மிகுந்த நாள்களில் நம் குழந்தைகள் அச்சமின்றியும் கட்டணமின்றியும் நீரில் விளையாடுவதற்குரிய இடங்களைக் குடியிருப்புதோறும் அமைப்பது நகராண்மைக் கழகங்களின் கடமை. அக்கடமையை எடுத்துரைத்துக் கேட்டுப் பெறுவது ஆசிரியராகிய நம் பொறுப்பு. இதுவே இக்கட்டுரையின் வழக்கு.

நம் நாட்டில் கோடை என்று தனியாக ஒரு பருவமில்லை, ஆண்டு முழுவதும் வெயில்தானே என்று கூறி இதனைத் தட்டிக் கழிப்பது எளிது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் வறண்ட வாரங்களையும், எல் நினோ தோன்றும் ஆண்டுகளையும் பட்டறிந்தவர் அவ்வாறு கூறார். 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் பெர்லிஸ், கெடா மாநிலங்களின் பள்ளிகள் வெப்பத்தின் பொருட்டு மூடப்பட்டன. 2023-இல் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்திவைக்குமாறு கல்வி அமைச்சு பள்ளிகளைப் பணித்தது. அதே ஆண்டு மே 13-ஆம் நாள் சிங்கப்பூரின் அங் மோ கியோவில் வெப்பம் 37 பாகையை எட்டி, 1983-ஆம் ஆண்டு ஏப்ரலில் பதிவான உச்சத்தைத் தொட்டது.

பள்ளியை மூடினோம், திடலை மூடினோம். குழந்தை எங்கே போகும் என்று எவரேனும் கேட்டோமா?

தோட்டத்து லயங்களில் வளர்ந்த தலைமுறைக்கு இக்கேள்வி எழவில்லை. லயத்தின் பின்னால் ஓர் ஓடை இருந்தது. அதற்கப்பால் ஓர் ஆறு இருந்தது. மூத்த பிள்ளைகள் இளையோரைக் கண்காணித்தனர். எங்கே ஆழம், எங்கே சுழல் என்பதை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்தனர். 1960-களில் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலும், அதன் பின்னர் நேர்ந்த நகர்ப் பெயர்வும் நம் மக்களை மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் கொண்டுபோய்ச் சேர்த்தன. வேலை கிடைத்தது, பள்ளி கிடைத்தது, மின்விளக்குக் கிடைத்தது. ஓடை மட்டும் கிடைக்கவில்லை. பத்தாம் மாடியில் குடியிருக்கும் குழந்தைக்கு நீரென்பது குளியலறைக் குழாயில் வருவது மட்டுமே.

அக்குழந்தைக்கு முன் இன்று இரண்டு வழிகள் உள்ளன. காற்றோட்டமில்லாத அறைக்குள் கைத்தொலைபேசியை வெறித்துக்கொண்டு கிடப்பது ஒன்று. பெற்றோர் வேலைக்குச் சென்ற பின்னர், நண்பர்களோடு கூடிப் பழைய ஈயக்குட்டையையோ ஆற்றையோ தேடிப் போவது மற்றொன்று. முதல் வழி உடலைக் கெடுக்கும். இரண்டாவது வழி உயிரையே கேட்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 300,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் நால்வரில் ஒருவர் ஏறக்குறைய ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை.

ஆறுகளையும் அருவிகளையும் நான் பழிக்கவில்லை. பெற்றோர் உடனிருக்க, வானிலை அறிந்து செல்வோர்க்கு அவை இன்பந் தருவனவே. ஆயினும் மலையுச்சியில் கொட்டும் மழை அடிவாரத்தில் குளிப்போரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. மலாய் மக்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்றழைக்கும் திடீர்ப் பெருக்கு சில நிமிடங்களில் வந்து சேர்கிறது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் கெடாவின் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் அடிவார வட்டாரங்களில் உயிர்களைக் கொண்டு சென்றது. 2010-இல் பகாங்கின் லூபோக் யூவில், நீரில் காணாமற்போன ஒருவரைத் தேடச் சென்றவர்கள் எலிக் காய்ச்சல் உள்ளிட்ட நோய்களுக்கு ஆளாகி, அவர்களுள் சிலர் மாண்டனர். பெரியவர்களுக்கே இந்நிலை என்றால், யாருக்கும் சொல்லாமல் போகும் பத்து வயதுச் சிறுவனின் நிலை என்ன? ‘போகாதே’ என்று சபைகூடலில் ஆண்டுதோறும் எச்சரிக்கிறோம். போகக் கூடாத இடத்தைச் சொன்ன நாம், போகத்தக்க இடத்தைக் காட்டினோமா?

போகத்தக்க இடம் ஒன்று உண்டு. அதுவே நீர் விளையாட்டுத் திடல். அங்கே குளமில்லை, ஆழமில்லை. வழுக்காத தரையில் பதிக்கப்பட்ட துளைகளிலிருந்து நீர் மேலே பீய்ச்சுகிறது. வளைவுகளிலிருந்து மழைபோற் பொழிகிறது. வாளிகள் நிறைந்து கவிழ்கின்றன. விழுந்த நீர் தேங்காமல் வடிகாலில் இறங்கிவிடுகிறது. நடை பயிலும் மழலையும் பத்து வயதுச் சிறுவனும் ஒரே இடத்தில் ஆடலாம். தாய் மர நிழலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். நீச்சல் தெரியாத பிள்ளை ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் வரும் குழந்தையும் நடுவிடம்வரை வந்து நனையலாம்.

இதற்கு எதிராகக் கூறப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, தண்ணீர் வீணாகும் என்பது. வறட்சிக் காலத்தில் இக்கவலை நியாயமானதே. எனினும் வடியும் நீரைத் திரட்டி, வடிகட்டி, தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்தும் அமைப்புகள் உள்ளன. ஒருமுறையே பயன்படுத்தும் இடங்களில் அந்நீரைப் பூங்காவின் செடிகளுக்குத் திருப்பலாம். பொத்தானை அழுத்தினால் சில நிமிடங்கள் மட்டும் பாய்ந்து தானே நிற்கும் முறையும் உண்டு. அன்றியும், 2022-ஆம் ஆண்டில் இந்நாட்டில் சுத்திகரிக்கப்பட்ட நீரில் ஏறத்தாழ 37 விழுக்காடு, குழாய்க் கசிவாலும் திருட்டாலும் பழுதுபட்ட மானிகளாலும் வருவாய் தராமலே கழிந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவ்வாறு போவதைக் கண்டு வாளாவிருந்துவிட்டு, குழந்தையின் தலையில் விழும் நீருக்குக் கணக்குக் கேட்பது என்ன நீதி?

இரண்டாவது, நோய் வரும் என்பது. நனைவதால் சளி பிடிப்பதில்லை. சளியைத் தருவது நுண்ணுயிர். ஆனால் பராமரிக்கப்படாத நீர் நோய் தரும் என்பது உண்மை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், செனெக்கா ஏரிப் பூங்காவிலிருந்த நீர் விளையாட்டுத் திடலில் 2005-இல் ஆடியவர்களுள் ஆயிரக்கணக்கானோர் வயிற்றுப்போக்குக்கு ஆளாயினர். அந்நோயைத் தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் கிருமி குளோரினுக்கு எளிதில் மடிவதில்லை. அம்மாநிலம் அதற்காக நீர் விளையாட்டுத் திடல்களை ஒழித்துவிடவில்லை. சுழற்சி நீரைப் புற ஊதா ஒளியால் தூய்மை செய்ய வேண்டுமென்று விதி வகுத்தது. நாம் கற்க வேண்டிய பாடம் அதுவே. நீரை நாள்தோறும் சோதிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையை அழைத்து வரலாகாது. ஆடும் நீரை விழுங்கலாகாது. இடி முழங்கினால் உடனே வெளியேற வேண்டும். உச்சி வெயிலைத் தவிர்த்துக் காலையிலும் மாலையிலும் திறந்துவைக்க வேண்டும். திறப்பு விழா நடத்தி நாடாவை வெட்டிவிட்டு, பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் பாசி படர விடும் நிருவாகம், திடலே கட்டாத நிருவாகத்தினும் தீங்கானது.

மூன்றாவது, படிப்புக் கெடும் என்பது. இதனைக் கூறுவோர் நம் சக ஆசிரியர்களாக இருப்பதுதான் வருத்தத்திற்குரியது. நீர் ஏன் மேலே பீய்ச்சுகிறது, துளையைக் கையால் மூடினால் அடுத்த துளையில் ஏன் உயர்கிறது, ஈரமான தோலில் காற்றுப் பட்டதும் ஏன் குளிர்கிறது என்பனவெல்லாம் அறிவியல் பாடங்கள் அல்லவா? வரிசையில் நிற்பதும், தன்னினும் சிறியவருக்கு இடங்கொடுப்பதும், பிற இனத்துப் பிள்ளையோடு மொழி தெரியாமலே சேர்ந்து ஆடுவதும் நன்னெறிக் கல்வி அல்லவா? ஐக்கிய நாடுகள் மன்றம் 1989-இல் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் விதி, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையாகக் கூறுகிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995-இல் அதில் இணைந்தன. உரிமையாக ஏற்றுக்கொண்டதைப் பிரம்பால் மறுப்பது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று.

நான்காவது, பெண்பிள்ளைக்கு ஆகாது என்பது. தமிழ் படித்தவர் வாயில் இச்சொல் வரலாமா? பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களுள் ஒன்றாக நம் புலவர்கள் நீராடலை வைத்தனர். குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மையையே அப்பருவத்துச் சிறுமியாக்கிப் பாடினார். தெய்வத்துக்குப் பொருந்திய விளையாட்டு நம் வீட்டுச் சிறுமிக்குப் பொருந்தாதோ? புறநானூற்றின் 243-ஆம் பாட்டில், தடியூன்றி இருமி நடக்கும் முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணி ஏங்குகிறார். அவர் நினைவில் எழுவது அரண்மனையன்று, பொருளன்று. மகளிரோடு கைகோத்துக் குளத்தில் ஆடியதும், நீர்மேற் சாய்ந்த மருதமரத்துக் கிளையிலிருந்து கரையிலுள்ளோர் வியக்கக் குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளி வந்ததுமே. தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய அப்பாட்டைப் பதவுரை, பொழிப்புரை கூறி நடத்துகிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் மாணவன் முதுமையில் எதை எண்ணி ஏங்குவான்? மின்தூக்கியையும் கைத்தொலைபேசித் திரையையுமா?

இனி, காசுள்ளவர் போகட்டும் என்போர்க்கு ஒரு சொல். மதில் எழுப்பி நுழைவுச் சீட்டு விற்கும் பெரிய நீர்ப் பூங்காக்களை மூட வேண்டுமென்று நான் கூறவில்லை. ஆனால் அத்தகைய பூங்காவில் நால்வர் கொண்ட குடும்பம் ஒரு நாளைக் கழிக்கப் பல நூறு ரிங்கிட் வேண்டும். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்ச மாத ஊதியமோ 1,700 ரிங்கிட். அந்த ஊதியத்தில் வாடகையும் உணவும் போக, தகப்பன் எதனை எடுத்துச் சீட்டு வாங்குவான்? வீட்டில் குளிர்சாதனம் உள்ள பிள்ளைக்கே நீர்ப் பூங்காவும் கிடைக்கிறது. தகரக் கூரையின் கீழ் வேகும் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. வெயில் எல்லார் மீதும் ஒன்றுபோற் காய்கிறது; அதைத் தணிக்கும் நீர் மட்டும் பணம் பார்த்துப் பாய்கிறது.

பொது நிலத்தில், பொதுப் பணத்தில் இதனைச் செய்ய முடியாதென்று எவரும் வாதிட வேண்டா. பிரேசில் நாட்டுப் பூங்காக் கலைஞர் ரொபெர்த்தோ புர்லே மார்க்ஸ் வடிவமைத்த கே.எல்.சி.சி. பூங்காவில், இரட்டைக் கோபுரங்களின் நிழலிலேயே, சிறுவர் இறங்கி விளையாடும் ஆழமற்ற நீர்நிலை கட்டணமின்றி அமைக்கப்பட்டது. உல்லாசப் பயணிகள் படமெடுக்கும் இடத்தில் முடிந்தது, நம் அடுக்குமாடிகளின் நடுவில் ஏன் முடியாது? சிங்கப்பூரில் 2008-இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டில் பிள்ளைகளுக்கு நீர் விளையாட்டிடம் வைத்தனர். 2012-இல் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் காங்கிரீட்டுக் கால்வாயாக ஓடிய காலாங் ஆற்றை உடைத்து, மக்கள் இறங்கிக் கால் நனைக்கும் இயற்கை ஆறாக மாற்றினர். 2014-இல் கரையோரப் பூந்தோட்டத்தில் சிறுவர் தோட்டத்தைத் திறந்து, நீர் விளையாட்டுக்குக் கட்டணம் வாங்காமல் விட்டனர். 2010 முதல் ‘சுவிம்சேஃபர்’ திட்டத்தின்வழி நீச்சலையும் நீர்ப் பாதுகாப்பையும் கற்பிக்கின்றனர். விளையாட்டிடம் மட்டும் போதாது, நீந்தவும் கற்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்துள்ளனர். நமக்கும் இரண்டும் வேண்டும்.

கேட்பதற்கு வழியில்லை என்பதும் உண்மையன்று. 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, தீபகற்பத்து ஊராட்சி மன்றங்கள் உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்களின் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். அவ்வரைவு வைக்கப்படும் நாளில் நம்மவருள் எத்தனை பேர் சென்று பார்த்தோம்? நிலமெல்லாம் கடைத்தொகுதியாக ஒதுக்கப்பட்ட பின்னர், ‘நம் பிள்ளைகளுக்கு இடமில்லை’ என்று மண்டபத்தில் கூடிப் புலம்புவதனால் பயனில்லை.

ஆசிரியப் பெருமக்களே, இந்நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, தன் வட்டாரத்து மன்றத்துக்கு அனுப்பட்டும். எந்தத் திடலில், எத்தனை குடும்பங்களின் நடைத்தொலைவில் நீர் விளையாட்டிடம் வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதட்டும். மறுமொழி வரவில்லையெனில் மீண்டும் எழுதட்டும். மன்ற உறுப்பினரைப் பரிசளிப்பு விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோமே, அவ்வேளையில் இக்கேள்வியையும் அவர் கையில் கொடுக்கட்டும். அதுவரையில், நீர்க் கட்டுப்பாடில்லாத சனிக்கிழமைக் காலைகளில், துளையிட்ட இரப்பர்க் குழாய் ஒன்றைப் பள்ளித் திடலில் கட்டி, ஆசிரியர் மேற்பார்வையில் அரைமணி நேரம் பிள்ளைகளை ஆடவிடலாம். இதற்குப் பெருஞ்செலவில்லை, மனமே வேண்டும்.

மாணவ மணிகளே, உங்களுக்கும் வேலையுண்டு. உங்கள் குடியிருப்பைச் சுற்றி நடந்து, திறந்தவெளி எவ்வளவு, நிழல்மரம் எத்தனை, பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். அக்கணக்கைத் தமிழில் கட்டுரையாகவும், மலாய் மொழியில் கடிதமாகவும் எழுதுங்கள். ‘விடுமுறையை நான் கழித்த விதம்’ என்று ஆண்டுதோறும் எழுதும் கட்டுரையினும் அது பயனுடையது.

அடுத்த வறட்சி வரத்தான் போகிறது. மீண்டும் திடல்கள் மூடப்படத்தான் போகின்றன. அன்றைக்கு நம் பிள்ளைகள் ஈயக்குட்டைக்குப் போகாமலிருக்க வேண்டுமாயின், மன்றத்துக்குச் செல்ல வேண்டிய கடிதம் இவ்வாண்டே எழுதப்பட வேண்டும்.