அழகைக் கண் எங்கே கற்றது?

அழகைப் பற்றிய வாதங்களில் இப்போதெல்லாம் அறிவியலைத் துணைக்கு அழைக்கிறார்கள். மெல்லிய இடை, ஒழுங்கான முகம், பளபளக்கும் தோல் ஆகியவற்றைத் தேடும்படி ஆணின் மூளையைப் பரிணாமம் என்றோ வார்த்துவிட்டது, அதைக் குறைசொல்லிப் பயனில்லை என்று காணொளிகளில் அடித்துச் சொல்கிறார்கள். பரிணாம உளவியல் ஆய்வுகளைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் இந்த உறுதி நிற்காது.

இந்தத் துறையின் மிகப் புகழ்பெற்ற எண் 0.7. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தேவேந்திர சிங் 1993இல் அதை முன்வைத்தார். இடையின் சுற்றளவை இடுப்பின் சுற்றளவால் வகுத்தால் வரும் விகிதம் இது. இடை 28 அங்குலம், இடுப்பு 40 அங்குலம் என்றால் 0.7. பெண் உருவத்தின் பன்னிரண்டு கோட்டோவியங்களை அவர் ஆண்களிடம் காட்டினார். எடை மூன்று வகை, விகிதம் நான்கு வகை. நடுத்தர எடையும் 0.7 விகிதமும் கொண்ட ஓவியமே முதலிடம் பெற்றது. அவர் சொன்ன காரணத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பருவம் எய்திய பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் கொழுப்பை இடுப்பிலும் தொடையிலும் சேர்க்கிறது; மாதவிடாய் நின்றபின் அது வயிற்றுப் பக்கம் திரும்புகிறது. ஆகவே ஒடுங்கிய இடை இளமைக்கும் கருவுறும் திறனுக்கும் அடையாளம். அதை விரும்பிய ஆண்களுக்குச் சந்ததி பெருகியது என்பது வாதம்.

ஆனால் அந்த ஓவியங்களைப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். அதே விளம்பரங்களையும் அதே அழகிப் போட்டிகளையும் பார்த்து வளர்ந்தவர்கள். டக்ளஸ் யூ, கிளென் ஷெப்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த ஓவியங்களை பெரு நாட்டின் மனு தேசியப் பூங்காவுக்குள், வெளியுலகத் தொடர்பு மிகக் குறைந்த மச்சிகெங்கா மக்களிடம் கொண்டுபோனார்கள். 1998இல் 'நேச்சர்' இதழில் வெளியான முடிவு சிங்கின் முடிவைக் கவிழ்த்தது. அங்கிருந்த ஆண்களுக்குப் பிடித்தது பருத்த உடல், அகன்ற இடை. அமெரிக்கர்கள் கொண்டாடிய ஒடுங்கிய இடைக்காரியைப் பார்த்து, வயிற்றுப்போக்கு வந்து தேறியவளைப் போலிருக்கிறாள் என்ற பொருளில் பேசினார்கள். அந்தக் காட்டில் அது துல்லியமான மருத்துவக் கணிப்பு! பூங்காவுக்கு வெளியே, வெளியாரோடு அதிகம் பழகிய ஊர்களில் கேட்டபோது விருப்பம் அமெரிக்கப் பக்கம் நகர்ந்திருந்தது.

அந்த நகர்வுதான் என்னை யோசிக்க வைக்கிறது. மார்ட்டின் டோவே குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்விலும் இதுவே தெரிகிறது. தென்னாப்பிரிக்கக் கிராமங்களில் வாழும் ஜூலு மக்கள் பருத்த உடலை அழகென்றார்கள். அங்கே மெலிவு என்றால் நோய், வறுமை. பிரிட்டனில் குடியேறிய ஜூலு மக்களின் விருப்பமோ மெல்லிய உடல் பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறாது. மாறியது அன்றாடம் கண்ணில் பட்ட உடல்களும், அந்த ஊரில் எடைக்கு இருந்த பொருளும்.

இதன் கொடுமையான முகத்தை பிஜித் தீவுகளில் பார்க்கலாம். நன்றாகச் சாப்பிட்டு வாட்டசாட்டமாக இருப்பதே அங்கு அழகாகக் கருதப்பட்டது. ஒருவர் மெலிந்தால் வீட்டார் கவனிக்கவில்லை என்று ஊர் பேசியது. நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது 1995இல். வந்த சில வாரங்களில் ஆன் பெக்கர் என்ற ஹார்வர்டு ஆய்வாளர் அங்குள்ள பள்ளிச் சிறுமிகளிடம் கேட்டபோது, எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. 1998இல் மறுபடி வேறு மாணவிகளிடம் கேட்டார். 11.3 சதவீதம் பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றே ஆண்டுகள், அமெரிக்கத் தொடர்கள் சில. பதினேழு வயதுப் பெண் குளியலறையில் தொண்டைக்குள் விரலை விடுவதற்கு இவ்வளவு போதுமாக இருந்தது.

அப்படியானால் பரிணாமத்துக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. பெரியவர்கள் அழகென்று சொல்லும் முகங்களைச் சில மாதக் குழந்தைகளே அதிக நேரம் உற்றுப் பார்ப்பதாக ஜூடித் லாங்லாய் 1987இல் காட்டினார். பல முகங்களைக் கலந்து உருவாக்கிய சராசரி முகம், கலந்த முகங்களில் பெரும்பாலானவற்றைவிட அழகாகத் தெரிவதையும் அவர் 1990இல் காட்டினார். நான் இதை இப்படிப் படிக்கிறேன்: கண் பார்த்தவற்றின் சராசரியை மூளை கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது, அதை ஒட்டியே அழகை அளக்கிறது. குழந்தை மொழி கற்கும் திறனோடு பிறக்கிறது, எந்த மொழி என்பதை வீடு தீர்மானிக்கிறது அல்லவா? அழகும் அப்படித்தான். திறன் மரபில் வருகிறது. பாடம் சுற்றுப்புறத்திலிருந்து வருகிறது.

அழகு ஆரோக்கியத்தின் முத்திரை என்ற நம்பிக்கையும் ஆட்டம் காண்கிறது. மைக்கேல் காலிக் குழுவினர் 1998இல், பதினேழு வயதில் எடுத்த புகைப்படங்களை அதே நபர்களின் பிற்கால மருத்துவக் குறிப்புகளோடு ஒப்பிட்டார்கள். அழகிய முகம் நல்ல ஆரோக்கியத்தைக் காட்டவில்லை. பார்த்தவர்கள்தான் அழகர்களை ஆரோக்கியசாலிகள் என்று எண்ணிக்கொண்டார்கள்.

நம் ஊருக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது. கண்ணுக்குப் பாடம் நடத்துபவர்கள் யார் என்று பாருங்கள். 1975இல் சந்தைக்கு வந்த ஒரு முகப்பூச்சு 2020 வரை 'ஃபேர்' என்ற சொல்லைப் பெயரிலேயே சுமந்தது. அதே 2020இல்தான், இணையத்தில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு ஷாதி டாட் காம் என்ற திருமண இணையதளம் தோல் நிறத்தைக் கொண்டு வரன் தேடும் வசதியை நீக்கியது. கறுத்த மக்கள் வாழும் மண்ணில் சிவப்பை அழகின் சராசரியாகக் கண்ணுக்குக் காட்டிக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு அந்த விருப்பத்துக்கு இயற்கை என்று பெயர் சூட்டுவது அநியாயம். பெற்றோர்களே, திருமண விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று கேட்கும் வரியை நீங்களே அடித்துவிடுங்கள். பத்திரிகைகளும் அந்த வரியை ஏற்க மறுக்கட்டும்.