அரை மில்லிமீட்டர் அண்ணாச்சி

பிரியாணியில கறுப்பா, காய்ஞ்ச சருகு மாதிரி ஒண்ணு தட்டுப்படுமே... கல்பாசி! பேர்லதான் பாசி. நிஜத்துல அது லைக்கன். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துற கூட்டுக்குடித்தனம். பாசி வெயிலை வெச்சு சமைக்கும், பூஞ்சை இடத்தைப் பிடிச்சு ஈரத்தைச் சேர்த்து வைக்கும். நம்ம ஹாஸ்டல் ரூம்மேட்ஸ்கிட்டகூட இவ்வளவு ஒற்றுமை கிடையாது!

இந்த வார ஹீரோ அதே லைக்கன் கூட்டத்து ஆள்தான். பேர் ரைசோகார்ப்பான் ஜியோகிராஃபிகம். ஆல்ப்ஸ் மாதிரி குளிர்மலைப் பாறைகள்ல பெயின்ட் அடிச்ச மாதிரி ஒட்டிக்கிடக்கும். மஞ்சள் கலந்த பச்சை, சுத்திலும் கறுப்பு பார்டர். நாலஞ்சு பக்கத்துல பக்கத்துல வளர்ந்துட்டா, பத்தாம் கிளாஸ் ஜியாகிரஃபி மேப்பேதான். 1753-லயே லின்னேயஸ் இதுக்கு 'ஜியோகிராஃபிகஸ்'னு பேர் வெச்சுட்டார்.

வேகம்தான் தமாஷ். பல இடங்கள்ல வருஷத்துக்கு அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. அரை மில்லிமீட்டர்னே வெச்சுக்கிட்டாலும், உங்க செல்போன் அகலத்துக்கு, அதாவது ஏழு சென்டிமீட்டருக்கு வளர 140 வருஷம்!

இந்த ஆமை வேகத்தையே கடிகாரமாக்கினவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ரோலண்ட் பெஷல். 1950-ல அவர் சொன்ன ஐடியா சிம்பிள். பனிப்பாறை பின்வாங்கினா, அடியில இருந்த கல் வெளியே வரும். கொஞ்ச வருஷத்துல லைக்கன் குடியேறும். அங்க இருக்கிறதிலேயே பெரிய வட்டத்தை அளந்தா, பனி எப்போ விலகிச்சுன்னு சொல்லிடலாம். வளர்ற வேகம் எப்படித் தெரியும்? கல்லறைக் கல் மாதிரி வருஷம் தெரிஞ்ச கற்கள்ல இருக்கிற லைக்கனை அளந்து கிராஃப் போடணும். நம்ம லேப்ல பண்ற அதே கேலிபரேஷன்தான் பாஸ்! கடைசி முந்நூறு வருஷ சமாச்சாரத்துல கார்பன் டேட்டிங் குழப்பியடிக்கும். அந்த இடத்துல அண்ணாச்சி கைகொடுக்கிறார். ஆனா ஈரம், வெயில், கல்லோட ஜாதி, எல்லாத்தையும் பொறுத்து வேகம் மாறும். அதனால 'இந்த முறையை எவ்வளவு நம்பலாம்?'னு விஞ்ஞானிகளுக்குள்ள இன்னமும் சண்டை ஓடுது. எர்ரர் பார் போடாம ரீடிங் கொடுத்தா நம்ம மேடமே விடமாட்டாங்க, அவங்க விடுவாங்களா?

கெத்து எங்கேன்னா, விண்வெளியில! 2005 மே 31-ல ஃபோட்டான் எம்-2 விண்கலத்துல ஏறிப் போய், ரெண்டு வாரம் காத்தில்லாத வெட்டவெளியில, சூரியனோட புற ஊதாக் கதிர்ல நேரடியா கிடந்துச்சு. திரும்பி வந்து தண்ணி பட்டதும், பழையபடி ஒளிச்சேர்க்கையை ஆரம்பிச்சுடுச்சு. டெக்னிக் இதுதான்: காய்ஞ்சு போனா எல்லா வேலையையும் நிறுத்திட்டுத் தூங்கிடும். மலை உச்சியில தினமும் செய்ற பிராக்டிஸ்!

விண்வெளியைத் தாங்கினவருக்கு, ட்ரெக்கிங் போற நம்ம ஆளுங்க கையில இருக்கிற ஆணியைத் தாங்க முடியாது. லவ்வர் பேரை ரெண்டு நிமிஷத்துல கீறிடலாம். சுரண்டிப்போன வட்டத்துல நூறு, இருநூறு வருஷக் கணக்கு இருந்திருக்கும். அதே இடத்துல திரும்ப முளைச்சாலும் கடிகாரம் பூஜ்யத்துல இருந்துதான் ஓடும். இன்னிக்கு ஆல்ப்ஸ்ல பனி விலகி வெளியே வர்ற கல்லுல முதல் புள்ளி கண்ணுக்குத் தெரியவே வருஷக்கணக்காகும். நாம அரியர் எல்லாம் கிளியர் பண்ணி, வேலைக்குப் போய், ஈ.எம்.ஐ. கட்ட ஆரம்பிச்ச பிறகும் அது புள்ளியாத்தான் இருக்கும்.