பூட்டி வைக்கவா புத்தகம்?

திரைப்படம் பற்றிய நூல் என்றாலே முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. “படத்தைப் பார்த்தால் போதாதா? அதற்கொரு புத்தகம் வேறா?” என்பர். வேறு சிலரோ அத்தகைய நூலைப் பெருவிலை கொடுத்து வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்து, வருவோர்க்குக் காட்டி மகிழ்வர். இவ்விரு சாராரும் செய்யும் தவறு ஒன்றே என்பது என் கருத்து. இருவருமே நூலைத் திறப்பதில்லை!

சான்றாக ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். வங்க இயக்குநர் சத்யஜித் ரே, தம் முதற்படமான ‘பதேர் பாஞ்சாலி’க்காக வரைந்த ஓவியங்களின் தொகுப்பு அது. அவருடைய மகன் சந்தீப் ரே பதிப்பிக்க, 2016-ஆம் ஆண்டு வெளிவந்தது.

ரே, சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் போன்ற பேராசான்களிடம் ஓவியம் பயின்றவர். பின்னர் கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றியவர். விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் புதினத்தைச் சிறுவர்க்காகச் சுருக்கி வெளியிட்டபோது, அதற்குப் படம் வரையும் பணி 1940-களில் அவரிடம் வந்தது. அப்பணியே அவரைத் திரைப்படத்தை நோக்கித் திருப்பியது எனலாம். படத்திற்கு முழுமையான திரைக்கதை எழுதப்படவில்லை. காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக மையால் வரைந்து வைத்துக்கொண்டார். அந்த ஏட்டைச் சுமந்தே தயாரிப்பாளர்களின் படியேறினார். பணம் போட முன்வந்தோர் அரியர்.

1952 அக்டோபர் 27 அன்று படப்பிடிப்பு தொடங்கியது. நாணற்பூக்கள் வெண்மையாய்ப் பூத்த வெளியில் அக்காளும் தம்பியும் இரயிலைக் காணும் காட்சி அது. அடுத்த வாரம் சென்றபோது அங்குப் பூக்களே இல்லை, கால்நடைகள் மேய்ந்துவிட்டன! அவை மீண்டும் பூக்கும் பருவம் வரை அக்காட்சி காத்திருந்தது. காட்சியை உள்ளத்தில் தெளிவாக வரைந்து வைத்தவர்க்கே இத்தகைய பொறுமை வாய்க்கும். காப்புறுதிப் பத்திரமும் மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. இறுதியில் மேற்கு வங்க அரசு உதவ, 1955-இல் படம் வெளிவந்தது.

நண்பர்களே, இதில் நமக்குப் பாடம் இல்லையா? படச்சுருள் விலை மிகுந்தது. தாளும் மையும் மலிவானவை. வசதியற்றவர் தம் எண்ணத்தைத் தாளிலே செம்மைப்படுத்திக்கொள்ளலாம். முடிந்த படம் நமக்கு விடையை மட்டுமே காட்டுகிறது. ஓவிய ஏடோ கணக்கைப் போட்ட வழியைக் காட்டுகிறது. மாணவர்க்கு வேண்டியது வழியன்றோ!

மற்றொன்றும் சொல்வேன். 1993-இல் இலண்டனில் ஒரு படச்சாலை தீப்பற்றியபோது இப்படத்தின் மூலச்சுருள்களும் கருகின. எஞ்சியவற்றையும் பிற படிகளையும் கொண்டு அரும்பாடுபட்டுப் படத்தைப் புதுப்பித்து 2015-இல் வெளியிட்டனர். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) அத்தகைய பேறு பெறவில்லை. அதன் படச்சுருள் இன்று நமக்கில்லை. சுருள் அழிந்தாலும் கலைஞனின் கருத்தைக் காட்டி நிற்பது தாளே.

அரிய நூல்களைத் தேடிச் சேர்ப்போரை நான் குறை கூறவில்லை. அவர்கள் போற்றிக் காத்ததால் பிழைத்த நூல்கள் பல. ஆனால் காப்பது வேறு, சிறைவைப்பது வேறு. விலை மிகுதி என்பதும் உண்மையே. தனியொரு மாணவனால் வாங்க இயலாது. ஆகவேதான் நூலகம் வாங்கவேண்டும் என்கிறேன்.

வாங்கினால் மட்டும் போதுமா? ‘குறிப்புதவி நூல்’ என முத்திரை குத்தி, அலமாரியைப் பூட்டி, சாவியைத் தேட வைத்தால் பயன் என்ன? கைபட்டால் அழுக்காகும் என்று அஞ்சுகின்றனர். ரேயின் ஏடு பலர் கைபட்ட ஏடுதானே! வாரத்தில் ஒரு பிற்பகல், ஆசிரியர் ஒருவர் முன்னிலையில், அத்தகைய நூல்களை மேசைமீது விரித்து வைக்கலாம். இலக்கிய மாணவன் புதினம் காட்சியாக மாறும் விதத்தைக் காண்பான். வரலாற்று மாணவி வங்கச் சிற்றூரின் வாழ்வைக் காண்பாள். கையிலே பென்சிலோடு கடைசி வரிசையில் ஒருவன் அமர்ந்திருப்பானாயின், அவன் தன்னையே காணக்கூடும்!

நூலகக் குழுவினர் இதனைக் கருத்திற் கொள்வார்களாக. புத்தகத்துக்குப் பெருமை அதன் அட்டையில் இல்லை; புரட்டும் விரல்களில் இருக்கிறது!